முப்பத்தொன்று கழிந்த பிறகு

தென்மராட்சியில், சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாளைக்கு அந்த வீடு தாயைச் சுற்றியே இயங்கும். பாவட்டை, நொச்சி, ஆடாதோடை இலைகளை அவித்துத் தண்ணி வார்க்க ஒருவர். மிளகும் உள்ளியும் மல்லியும் சேர்த்துச் சரக்கு அரைக்க ஒருவர். பத்தியத்துக்கு ஏற்ற மீனைப் பார்த்துச் சந்தையில் வாங்கிவர இன்னொருவர். இரவில் பிள்ளை அழுதால் தூக்கித் தோளில் போட அம்மம்மா இருப்பா. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. வீட்டைக் கழுவி, பிள்ளைக்கு முடி இறக்கி, பெயர் வைத்து, வந்தவர்களுக்குச் சோறு போட்டு முடிந்ததும் "முப்பத்தொண்டு கழிஞ்சுது" என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள். அடுத்த நாளே பெரியம்மா தன் வீட்டுக்குப் போய்விடுவா. கணவர் ஏற்கெனவே வேலைக்குத் திரும்பியிருப்பார். அடுப்படி மறுபடி அவளுடையதாகிவிடும்.

அரசாங்கத்துக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அது 42 நாள். குடும்பநல உத்தியோகத்தர், ஊர்வாயில் "மிட்வைப் மிஸ்", முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வருவார். அந்த மாதம் முடியுமுன் இன்னொரு தடவை வருவார். 42ஆம் நாளை ஒட்டி மீண்டும் வந்து பார்ப்பார். தையல் காய்ந்ததா, பால் சுரக்கிறதா, காய்ச்சல் உண்டா, பிள்ளையின் தொப்புள் எப்படி என்றெல்லாம் பார்த்துப் பதிவார். உலகின் பல பணக்கார நாடுகளில்கூட இந்த வசதி இல்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து வளர்ந்துவந்த ஏற்பாடு இது. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்தத் தொகை முப்பதை ஒட்டி நிற்கிறது. சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போன அந்தப் பெண்களுக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது.

ஊரின் முப்பத்தொன்றும் அரசின் நாற்பத்திரண்டும் உடம்புக்குப் போட்ட கணக்குகள். மனதின் கணக்கு இவற்றோடு முடிவதில்லை. பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வு முதல் வாரங்களிலும் தொடங்கலாம், நான்காம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ மெல்லத் தலைகாட்டவும் செய்யலாம். அப்போது வீட்டில் ஆளில்லை, படலையில் மிஸ்ஸும் இல்லை.

இதில் மூன்று நிலைகளைப் பிரித்து அறிவது அவசியம். முதலாவது, பிரசவமாகி மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது. தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வரும். ஓமோன்கள் சடுதியாக இறங்குவதும் நித்திரையின்மையும் சேர்ந்து செய்கிற வேலை. ஓய்வும் ஆறுதலும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானாகவே ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஓயாவிட்டால் அது இரண்டாவது நிலை, மனச்சோர்வு நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 வீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுகிறது. வளர்ந்துவரும் நாடுகளில் இது 20 வீதத்தை நெருங்குகிறது. பிள்ளை நித்திரை கொண்டாலும் தாய்க்கு நித்திரை வராது. சாப்பாடு பிடிக்காது. பிள்ளையைப் பார்த்தால் அன்பு வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வராது. நான் ஒரு கெட்ட தாய், நான் இந்த வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணம் விடாமல் சுற்றும். சிலருக்குப் பிள்ளைக்கு நானே ஏதும் செய்துவிடுவேனோ என்ற பயம் வந்து வந்து வதைக்கும். அந்த நினைப்பைக் கண்டு நடுங்குகிற தாய் பொல்லாதவள் அல்ல. பதற்ற நோயில் இப்படி வருவது வைத்தியர்களுக்கு நன்கு தெரிந்த விசயம், அதை வாய்விட்டுச் சொன்னாலே பாதிப் பாரம் இறங்கும்.

மூன்றாவது நிலை அரிது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றோ இரண்டோ. ஆனால் அவசரமானது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தாய் நாள்கணக்கில் நித்திரையின்றி இருப்பாள், சம்பந்தமில்லாமல் பேசுவாள், யாரோ கட்டளையிடுவது போலக் கேட்கிறது என்பாள், பிள்ளை தன்னுடையதல்ல என்பாள். முன்னோர் இதைச் சன்னி என்றார்கள், கொத்திப் பேய் பிடித்தது என்றார்கள். தலைமாட்டில் இரும்பும் வேப்பிலையும் வைத்தார்கள். அவர்கள் கண்டது உண்மையான ஒரு நோயைத்தான். பிள்ளைப்பேற்றை ஒட்டி ஒரு பெண்ணின் அறிவு கலங்கும் என்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள், அவளைத் தனியே விடக்கூடாது என்றும் தெரிந்து வைத்திருந்தார்கள். இன்று நாம் சேர்க்க வேண்டியது ஒன்றுதான்: அதே நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. நூல் கட்டுவது பிறகு ஆகட்டும்.

தென்மராட்சித் தாய் ஒருத்தி கிளினிக்குக்கு வந்து "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லமாட்டாள். "அந்தரமாக் கிடக்கு" என்பாள். "நெஞ்சு பதைக்குது", "தலை இடிக்குது", "நாரி உளையுது", "ஒண்டும் செய்ய ஏலாமல் கிடக்கு" என்பாள். அல்லது "பால் காணாது மிஸ்" என்பாள். இவற்றுள் எது உடம்பு, எது மனம் என்று பிரிப்பது எளிதல்ல. இரத்தச்சோகையும் தைரொயிட் கோளாறும்கூடப் பிரசவத்துக்குப் பிறகு இதே களைப்பையும் சலிப்பையும் தரும், ஆகவே இரத்தப் பரிசோதனை தேவைதான். ஆனால் இரத்தம் சரியாக வந்த பிறகும் அவள் அந்தரப்பட்டால் அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் "விசர்" என்ற சொல் வீட்டுக்குள் வந்துவிடும். அந்தச் சொல் வந்தால் கலியாணத்துக்கு நிற்கிற தங்கச்சியின் பேச்சுக்காலும் குழம்பும். இந்தப் பயம் கற்பனையல்ல. அதனால் தாயும் மறைக்கிறாள், தாயின் தாயும் மறைக்கிறாள்.

தாயின் தாய் மறைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மண்ணில் அதைச் சற்று நின்று பேசவேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் கிளம்பியது. இலட்சக்கணக்கான சனம் மழையில் நாவற்குழிப் பாலத்தையும் கைதடிப் பாதையையும் தாண்டித் தென்மராட்சிக்குள் வந்தது. சாவகச்சேரியிலும் மீசாலையிலும் மட்டுவிலிலும் பள்ளிக்கூடங்கள், கோயில் மடங்கள், மாந்தோப்புகள் எல்லாம் வீடுகளாயின. வழியில் பிள்ளை பெற்றவர்களும் உண்டு. பெற்று ஒரு நாளான பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. அடுத்த ஆறு மாதத்தில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்குப் போக, மறுபடி இடப்பெயர்வு. 2000 மே மாதம் சண்டை சாவகச்சேரிக்குள் வந்தபோது தென்மராட்சியாரே அகதியானார்கள். அவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது நகரம் கல்லும் சீமெந்துத் தூளுமாகக் கிடந்தது. இந்த ஐந்து ஆண்டுகளில் இங்கே பிறந்த பெண்பிள்ளைகள்தாம் இன்று முதல் பிள்ளையோ இரண்டாம் பிள்ளையோ பெறுகிறவர்கள். அவர்களுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கிற அம்மம்மாமார், அன்று மரத்தடியிலும் பங்கருக்குள்ளும் அவர்களைப் பெற்றவர்கள்.

ஆகவே மகள் "அம்மா, எனக்கு ஏலாமல் கிடக்கு" என்று சொல்லும்போது வருகிற பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி: "நாங்கள் ரோட்டிலயும் மரத்துக்குக் கீழயும் பெத்து வளத்தனாங்கள். உனக்கு ஃபான் இருக்கு, பம்பஸ் இருக்கு, பக்கத்தில நான் நிக்கிறன். உனக்கென்ன பிள்ளை?" இதில் கொடுமை எண்ணம் எதுவுமில்லை. தேற்றுவதாகத்தான் அந்தத் தாய் நினைக்கிறா. ஆனால் மகளின் வாய் அதோடு மூடிக்கொள்கிறது. அம்மாவின் துயரத்துக்கு முன்னால் தன்னுடையதை வைக்க அவளுக்குத் தகுதியில்லை என்றாகிவிடுகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போர்க்காலம் முழுவதும் இந்தக் குடாநாட்டின் மனங்களைக் கவனித்து எழுதியவர். 1998இல் வந்த அவருடைய 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' தனி மனிதரின் காயங்களைப் பேசியது. பிறகு அவர் 'கூட்டு மனவடு' பற்றி எழுதினார். போர் ஆளை மட்டும் உடைப்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் நம்பிக்கைகளையும் சேர்த்தே உடைக்கிறது என்பது அதன் சாரம். அழுவதற்கு நேரமில்லாமல் பிள்ளை வளர்த்த ஒரு தலைமுறை, அழுகிற மகளைக் கண்டால் பதறுகிறது. அந்த அம்மம்மாவிடமும் யாராவது உட்கார்ந்து, "அந்த மழையில நீங்கள் என்ன பாடு பட்டியள்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் தன் மகளைக் கேட்க அவவுக்குக் காது இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலூர்ப் பக்கக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு, தமிழ்ப் பெண்களைப் பற்றி நம்மிடம் இருக்கும் நல்ல சான்றுகளில் ஒன்று. 2002இல் வெளியானது. நிறைமாதத்தில் இருந்த 359 பெண்களைச் சந்தித்து, பிரசவத்துக்குப் பிறகும் பின்தொடர்ந்தார்கள். நூறில் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண்பிள்ளை, மாமியோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைக்கு உதவ ஆளில்லாமை ஆகியவை காரணங்களாகத் தெரிந்தன. கடைசிக் காரணத்தை மறுபடி வாசியுங்கள். வேலைக்குக் கை கொடுக்க ஆள் இல்லாததே ஒரு பெண்ணை நோயாளியாக்கக் கூடும்.

யாழ்ப்பாணத்தில் இந்த விடயத்தில் ஒரு நல்லது இருந்தது. சீதனம் என்ற ஏற்பாட்டை நான் நியாயப்படுத்தவில்லை, அது எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கிறது. ஆனால் சீதன வீடு பெண்ணின் பெயருக்கு வந்ததால் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்கு வந்தார். பெற்ற தாய் அதே வளவிலோ அடுத்த ஒழுங்கையிலோ இருந்தா. முப்பத்தொன்று கழிந்தாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு கை இருந்தது. அந்தக் கை இப்போது ஸ்காபரோவில் இருக்கிறது, லண்டனில் இருக்கிறது, பாரிஸில் இருக்கிறது. மூத்த மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போன அம்மா, இளைய மகளின் பிரசவத்துக்கு இங்கே நிற்க முடியாமல் வீடியோவில் பத்தியம் சொல்லிக் கொடுக்கிறா. அங்கே இருக்கிற மகளின் நிலையும் இதைவிட நல்லதல்ல. விசா முடிந்து அம்மா திரும்பிய பிறகு, பனிக்காலத்தில், அடுக்குமாடியின் பதினைந்தாம் தட்டில் அவளும் பிள்ளையும் தனிதான்.

முப்பத்தொன்றே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். வீட்டாரை எதிர்த்து மணம் முடித்தவள், பதினெட்டு வயதாகாமல் பெற்றவள், கணவன் விட்டுப்போனவள், குடிகாரனிடம் அடி வாங்குகிறவள், நுண்கடன் வாராவாரம் கட்டுகிறவள். இவர்களுக்குச் சரக்கரைக்க யாரும் வருவதில்லை. ஆபத்து கூடுதலாக இருப்பது இங்கேதான்.

ஆபத்து என்றால் எவ்வளவு? அநுராதபுர மாவட்டத்தில் 2002 முதல் 2011 வரை நடந்த தாய்மார் மரணங்களைச் சர்வதேசப் புதிய வகைப்படுத்தலின்படி மறுபடி ஆராய்ந்தபோது, தனிக் காரணங்களில் முதலிடத்தில் நின்றது தற்கொலை. நூறில் 17.8. இரத்தப்பெருக்கையும் கிருமித் தொற்றையும் நாம் வெல்ல வெல்ல, இதுவரை கண்ணில் படாமல் இருந்த மரணம் முன்னுக்கு வருகிறது. கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் நடக்கும் தற்கொலையை நேரடித் தாய்மரணமாகவே பதிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல்தான் சொன்னது. தற்கொலை முயற்சி இலங்கைச் சட்டத்தில் குற்றமல்ல என்று 1998இலேயே ஆகிவிட்டது. இது தெரியாமல் பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் பொய்க் காரணம் சொல்கிற குடும்பங்கள் இன்னும் உண்டு.

கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. 1987இல் ஜோன் கொக்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஸ்கொட்லாந்தில் உருவாக்கிய எடின்பரோ அளவுகோல். பத்தே பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. தமிழிலும் சிங்களத்திலும் மொழிபெயர்த்துச் சோதித்திருக்கிறார்கள். இலங்கையின் குடும்ப சுகாதாரப் பணியகமும் பிரசவத்துக்குப் பிந்திய பராமரிப்பில் இதைச் சேர்த்திருக்கிறது. பத்தாவது கேள்வி, தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதுக்கும் பூச்சியம் வந்தாலும் இதற்கு "ஓம்" என்றால் அன்றைக்கே நடவடிக்கை எடுக்க வேண்டும். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மூட்டிவிடுவோமோ என்று பயப்படத் தேவையில்லை. கேட்பதால் அந்த எண்ணம் பிறப்பதில்லை. யாரோ ஒருத்தர் கேட்டார் என்பதே பலரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

ஆனால் மாமி பக்கத்துக் கதிரையில் இருக்க, கணவர் வாசலில் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருக்க, இந்தப் பத்துக் கேள்விக்கும் எந்தப் பெண் உண்மை சொல்வாள்? "ஒரு பிரச்சினையும் இல்லை மிஸ்" என்பாள். தாளில் பூச்சியம் விழும். ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்கு ஆயிரக்கணக்கான சனத்தொகை, கட்டுக்கட்டாகப் பதிவேடு. அவர் மீது குறை சொல்வது அநியாயம்.

"ஓம்" என்ற பதில் எங்கே போகும் என்பதும் முக்கியம். 2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் குறைபாடுகளை முன்வைத்துச் சனம் கடைகளைப் பூட்டி வீதிக்கு வந்தது. தங்கள் ஊர் ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிற இடமாக இருக்கக் கூடாது என்ற ஆதங்கம் அதில் இருந்தது. பிள்ளை பெற்றவளின் மனநோய்க்கு அந்த ஆதங்கம் இன்னும் பொருந்தும். கைக்குழந்தையோடு பஸ் ஏறி, தையல் நோவோடு போய் வரிசையில் நிற்கிறவள் ஒரு தடவை போவாள், இரண்டாம் தடவை போகமாட்டாள். கடுமையான நோயில் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்து வைத்தியம் செய்யும் விடுதியைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் 2009இல் தொடங்கியது. வடக்கிலும் தமிழில் பேசுகிற அப்படி ஒரு விடுதி, நான்கு கட்டிலோடாவது, வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. அதுவரை, எந்த நேரமும் எடுக்கக்கூடிய தேசிய உளநல உதவி இலக்கம் 1926. வீட்டில் அடி உதைபடுகிறவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' இருக்கிறது.

வைத்தியம் என்றதும் பெண்கள் முதலில் பயப்படுவது பாலுக்கு. மாத்திரை போட்டால் பால் கொடுக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சேர்ட்ரலீன் போன்ற சில மருந்துகள் பாலில் மிகச் சிறிய அளவே சேர்கின்றன, பாலூட்டுகிறவர்களுக்கு வைத்தியர்கள் அவற்றைத் தெரிந்தே எழுதுகிறார்கள். பலன் தெரிய இரண்டு, நான்கு வாரம் எடுக்கும். சுகமானதும் தானாக நிறுத்தக் கூடாது. பத்தியத்தையும் விடவேண்டியதில்லை. கைதடிச் சித்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறவர்கள் அங்கே இரண்டு மருந்தையும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இலேசான, நடுத்தர நிலைக்குப் பேச்சே மருந்தாகலாம். இதை நிரூபித்தது பாகிஸ்தானின் கிராமங்கள். ராவல்பிண்டிப் பக்கத்தில் அதீப் ரஹ்மானின் குழு, மனநலத்தில் பட்டம் ஏதுமில்லாத கிராமச் சுகாதாரப் பெண்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்தது. அவர்கள் வழக்கமான வீட்டு வருகையின்போதே மனச்சோர்வுற்ற தாயோடு உட்கார்ந்து, அவளுடைய எண்ணங்களைப் படங்களோடு பேசி, குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு நடத்தினார்கள். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது அந்தத் தாய்மாரில் 23 வீதத்தினருக்கே நோய் நீடித்தது, வெறும் வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 வீதம். 2008இல் இது 'லான்செட்' இதழில் வந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இதையே கைநூலாக்கியது. நம்முடைய மிட்வைப் மிஸ் அந்தப் பெண்களைவிடக் கூடுதலாகப் படித்தவர், கூடுதல் மதிப்புள்ளவர், ஏற்கெனவே எல்லா வீட்டு நாய்க்கும் பழக்கமானவர்.

தகப்பன்மாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரச ஊழியருக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று நாள் லீவு. தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். இந்த இடைவெளியே யாருக்கு எந்த வேலை என்று சொல்லிவிடுகிறது. இரவில் ஒரு தடவை, பால் குடித்து முடித்த பிள்ளையை வாங்கி ஏவறை விடவைத்துக் கிடத்துகிற கணவன், அந்தத் தாய்க்குத் தொடர்ந்து நான்கு மணித்தியால நித்திரையைக் கொடுக்கிறான். மனச்சோர்வில் அந்த நான்கு மணித்தியாலத்துக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது.

இனி நாட்காட்டிக்கு வருவோம். தாயின் கணக்கு 42இல் முடிந்தாலும் பிள்ளையின் கணக்கு முடிவதில்லை. இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஊசி. ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் ஊசி. இடையில் நிறுவைக்கும் வருகிறார்கள். இந்த நாட்டில் ஊசிக்கு வராத பிள்ளை மிக மிகக் குறைவு. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் தாய். அவள் கூட்டத்தோடு வாங்கில் இருக்கிறாள், நேர்ஸ் பிள்ளையின் பெயரைக் கூப்பிட எழும்புகிறாள், போகிறாள். பிள்ளையின் நிறைக்கோடு சரிந்திருந்தால் திரிபோஷா கொடுத்தாயா, பால் எத்தனை தரம் கொடுத்தாய் என்று கேட்கிறோம். சோர்ந்த தாயின் பிள்ளை நிறை குறையக்கூடும் என்பதை ரஹ்மானின் முந்தைய ஆய்வே காட்டியிருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதாவது தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தென்மராட்சியின் கிராம கிளினிக்குகளில் அந்த ஐந்து ஊசி நாட்களிலும் எடின்பரோவின் பத்துக் கேள்விகளையும் தாயிடம் கேட்கட்டும். கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறை, இல்லாவிட்டால் ஒரு மறைப்பு. பிள்ளையை அம்மம்மாவோ மாமியோ வெளியில் வைத்திருக்கிற பத்து நிமிடம். வாசிக்கத் தெரியாதவளுக்குக் குரல் தாழ்த்தி வாசித்துக் காட்ட ஒருவர். புள்ளி கூடினால் அதே வாரம் ஊருக்கே வந்து பார்க்கிற ஓர் உளநல வைத்திய அதிகாரி. பத்தாவது கேள்விக்கு "ஓம்" என்றால் அன்றைக்கே ஏற்றிப்போக ஒரு வாகனம், கூடப் போக ஒரு பெண். புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. சாவகச்சேரி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் வடமாகாண சுகாதாரத் திணைக்களமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அடுத்த மாத ஊசி நாளிலேயே இதைத் தொடங்கலாம்.